பிப்ளியா ஹெப்ராயிகா ஸ்டுட்கார்டென்சியா: ஒரு புரூஃப்காரியின் மேசையில்

பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் 31 வருஷம் புரூஃப் பார்த்தேன். சபை மாதப் பத்திரிகை, பள்ளிக்கூட ஆண்டுமலர், கல்யாணப் பத்திரிகை, இரங்கல் அட்டை எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஓய்வு பெற்ற பிறகு பொழுது போகாமல் மாலை வகுப்பில் சேர்ந்து இரண்டு வருஷம் எபிரெயு படித்தேன். கடைசி வகுப்பில் வாத்தியார், "இனி மூலத்தையே வாங்கிப் படிங்கம்மா" என்றார். வாங்கிவிட்டேன். வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படிக்கிறவர்கள் சுருக்கமாக பி.எச்.எஸ். என்பார்கள். எபிரெயு மொழியில் உள்ள பழைய ஏற்பாட்டின் ஆராய்ச்சிப் பதிப்பு, ஸ்டுட்கார்ட்டில் உள்ள ஜெர்மன் வேதாகமச் சங்கத்தின் வெளியீடு. கார்ல் எல்லிகர், வில்ஹெல்ம் ருடால்ஃப் இருவரும் தலைமைப் பதிப்பாசிரியர்கள். 1968 முதல் பகுதி பகுதியாக வந்து 1977இல் ஒரே புத்தகமானது. முன்னுரை போக 1574 பக்கம். பழைய ஏற்பாட்டு ஆராய்ச்சியில் யார் யாரோடு சண்டை போட்டாலும் மேசையில் பொதுவாக விரித்து வைத்திருப்பது இதைத்தான்.

முதலில் என் வயிற்றெரிச்சல். பெரிய அளவுப் பதிப்பு என்று போட்டிருந்த இணையக் கடையில் ஆர்டர் கொடுத்தேன். வந்தது கையடக்கப் பதிப்பு. பெட்டியில் ஒரு காகிதம்கூட அடைக்கவில்லை, மூலை இரண்டும் நசுங்கியிருந்தன. திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே அச்சகத்திலிருந்து கொண்டுவந்த லென்ஸை மறுபடியும் துடைத்து எடுத்தேன். கண்ணாடி போட்டவர்கள் எந்த அளவு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். மூலவசனமாவது பரவாயில்லை, அடிக்குறிப்பு எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

சரி, உள்ளே போவோம்.

பக்கத்தின் மேலே வசனம், ஓரத்தில் பொடிப்பொடியாகக் குறிப்புகள், கீழே இரண்டு அடுக்காக அடிக்குறிப்பு. பல சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தி ஒட்டிய பாடம் இதில் இல்லை. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியை அப்படியே அச்சேற்றியிருக்கிறார்கள். சாமுவேல் பென் யாக்கோபு என்பவர் 1008 வாக்கில் கெய்ரோவில் எழுதி முடித்த பிரதி அது, இன்று ரஷ்யாவில் இருக்கிறது. ஊர்ப்பெயர் திரும்பவும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஆகிவிட்டாலும் பிரதியின் பெயர் இன்னும் லெனின்கிராடு கோடெக்ஸ்தான். இதைவிடப் பழையது அலெப்போ பிரதி, 10ஆம் நூற்றாண்டு. 1947இல் அலெப்போவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு அதில் ஐந்தாகமத்தின், அதாவது முதல் ஐந்து புத்தகங்களின், பெரும்பகுதி காணாமல் போயிற்று. முழுசாக மிஞ்சியதில் மூத்தது லெனின்கிராடுதான் என்பதால் இந்த ஏற்பாடு.

அப்படியே அச்சேற்றுவது என்றால் பிழையோடும்தான். 1 சாமுவேல் 13:1ஐப் பாருங்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் "சவுல் ராஜ்யபாரம்பண்ணி, ஒரு வருஷமாயிற்று" என்று வழுக்கிக்கொண்டு போய்விடும். எபிரெயுவைச் சொல் சொல்லாக எடுத்தால், "சவுல் அரசனானபோது ஒரு வயது, இரண்டு வருஷம் இஸ்ரவேலை ஆண்டான்" என்று நிற்கிறது. தாவீதுக்கும் இதே வாய்பாடுதான்: 30 வயதில் அரசன், 40 வருஷம் ஆட்சி. சவுலுக்கு மட்டும் வயதுக்கான எண் இல்லை, அதனால்தான் 'ஒரு வயது' என்று படிக்கவேண்டியிருக்கிறது. 'வயது' என்று அடித்து, இடம் விட்டு, அப்புறம் நிரப்பலாம் என்று மறந்துபோன படிவம் மாதிரி இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியப் பிரதிகளில் இந்த வசனமே கிடையாது. சிலவற்றில் 30 வயது என்று இருக்கிறது. அந்த எண் எழுதப்பட்டு அழிந்ததா, எழுதியவருக்கே தெரியாமல் காலியாக விட்டாரா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வியப்பு வேறு. இத்தனை நூற்றாண்டாகக் கையால் பார்த்து எழுதிய ஒருவருக்கும் அதைச் சரிசெய்யக் கை நீளவில்லையே! நான் இருந்திருந்தால் முதல் புரூஃபிலேயே சிவப்பு மையால் ஓர் எண்ணைச் செருகியிருப்பேன், பிற்பாடு வருகிறவர்களுக்கு அங்கே ஓட்டை இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

அந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணமானவர்கள் மசோரெத்தியர் என்ற யூத அறிஞர்கள். திபேரியாவில் ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை பரம்பரையாக இதே வேலை. எபிரெயுவில் மெய்யெழுத்தை மட்டும்தான் எழுதுவார்கள். உயிர்க்குறிகளைப் புள்ளியும் கோடுமாகச் சேர்த்தவர்கள் இவர்கள். எழுத்தில் தவறு என்று தோன்றினாலும் எழுத்தைத் தொட மாட்டார்கள். எழுதியிருப்பது ஒன்று, வாசிக்கவேண்டியது வேறொன்று என்றால், வாசிப்பை ஓரத்தில் குறிப்பார்கள். முன்னதற்கு 'கெதீவ்', பின்னதற்கு 'கெரே'. எங்கள் தொழிலில் ஆசிரியரைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லித்தருவார்கள். இவர்களுக்கு ஆசிரியர் யார் என்று யோசித்தால் அந்தப் பயபக்தி விளங்கும்.

'மசோரா' எனப்படும் இந்த ஓரக்குறிப்பில் பெரும்பாலும் கணக்குதான். இந்தச் சொல் இந்த வடிவில் வேறெங்கும் வராது, இது எட்டுத் தடவை வரும், இப்படி. ஆதியாகமத்தின் முடிவில் மொத்தம் 1534 வசனம் என்று கூட்டல் போட்டிருக்கிறது. உபாகமத்தின் முடிவில் ஐந்தாகமம் முழுவதற்கும்: 5845 வசனம், 79,856 சொல், 4,00,945 எழுத்து. அந்தக் கடைசி எண்ணில் லென்ஸை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். யூதர்களின் வழக்கமான தோரா (ஐந்தாகம) சுருளில் எழுத்து 3,04,805தான். கிட்டத்தட்ட 96,000 எழுத்து உதைக்கிறது! வசனத்தில் பிழை வரக்கூடாதென்று போட்ட கணக்கிலேயே பிழை. அதையும் ஸ்டுட்கார்ட்காரர்கள் திருத்தாமல் அச்சடித்திருக்கிறார்கள். இதற்காகவே அவர்களுக்கு ஒரு கும்பிடு.

இனி கீழே உள்ள அடிக்குறிப்பு. வேறு பிரதிகள் என்ன சொல்கின்றன என்பது இங்கே இருக்கிறது. நம்மூரில் ஏடு பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்பார்களே, அதுதான். ஆனால் எல்லாம் லத்தீன் சுருக்கம். 'எல்' என்று ஓர் எழுத்து போட்டால் 'லெகெ', அதாவது 'வாசி'. 'டிஎல்' என்றால் 'நீக்கு'. எழுத்தை அடித்து ஓரத்தில் நாங்கள் போடும் சுழிக்கும் அந்த லத்தீன்தான் மூலம் என்பதால் எனக்கு அது மட்டும் சுலபமாக இருந்தது. மற்றதற்கெல்லாம் ஒரு வாரம் சுருக்கப்பட்டியலோடு மல்லுக்கட்டினேன். அதைவிடக் கொடுமை, மசோரா குறிப்புக்குக் கீழே ஒரு பட்டியல் எண் கொடுத்திருக்கும்; அந்தப் பட்டியல் இந்தப் புத்தகத்தில் இருக்காது. ஷெரார் வெய் 1971இல் தனியாகப் போட்ட தொகுதியில் இருக்கிறது. 'தொடர்ச்சி வேறு புத்தகத்தில்' என்று அச்சடித்தால் எங்கள் முதலாளி என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

பழகிவிட்டால் சுவாரசியம் இங்கேதான். ஆதியாகமம் 4:8, காயீனும் ஆபேலும். நம் பழைய மொழிபெயர்ப்பில் "காயீன் தன் சகோதரனாகிய ஆபேலோடே பேசினான்" என்று இருக்கும். என்ன பேசினான்? எபிரெயுவில் 'சொன்னான்' என்ற வினை நிற்கிறது, சொன்ன வார்த்தை இல்லை. சமாரியர் பாடம், கிரேக்கம், சீரியம், லத்தீன் எல்லாவற்றிலும் "வயலுக்குப் போவோம்" என்று இருக்கிறது. மூலத்தில் இருந்து விழுந்ததா, பள்ளத்தைப் பார்த்த மற்றவர்கள் நிரப்பினார்களா? தம்பி குருவானவராக இருக்கிறான். அவனிடம் காட்டினேன். "அக்கா, விழுந்ததுதான் அது, அண்ணன் தம்பியைக் கூப்பிடாமல் வயலில் எப்படிச் சேர்ந்திருப்பார்கள்?" என்றான். நான் நிரப்பினது என்ற கட்சி. விழுந்த வரியைத் திரும்பச் செருகினால் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது என்பது என் அனுபவம். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

யோசுவா 21இல் மட்டும் அவன் கட்சியே சரி, விழுந்ததுதான் என்று அடித்துச் சொல்வேன். ரூபன் கோத்திரத்து நாலு பட்டணங்களைச் சொல்லும் 36, 37ஆம் வசனங்கள் லெனின்கிராடு பிரதியில் இல்லை. 35ஆம் வசனம் "நாலு பட்டணங்கள்" என்று முடியும், 37ஆம் அப்படியே. எழுதியவர் கண் மேலேயிருந்து கீழே தாவிவிட்டது. தினம் மூன்று தடவை நாங்கள் பிடிக்கிற பிழை இது.

சங்கீதம் 22இல் வருவது இன்னும் நுட்பம். "என் கைகளையும் என் கால்களையும் உருவக் குத்தினார்கள்" என்று மனப்பாடமாகச் சொல்வோம். மசோரெத்திய எபிரெயுவில் அந்த இடத்தில் 'சிங்கத்தைப் போல' என்று இருக்கிறது. வித்தியாசம் கடைசியில் ஒரே எழுத்து, யோத் என்றால் சிங்கம், வாவ் என்றால் வினைச்சொல். கையெழுத்தில் இரண்டும் ஒரு கோடுதான், நீளம்தான் வேறு. ஏட்டுச்சுவடியில் ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் நம்மவர்கள் தடுமாறியதை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் காலங்காலமாக நடக்கும் வழக்கு அந்தக் கோட்டின் நீளத்தில் தொங்குகிறது. சவக்கடல் பக்கம் நஹல் ஹெவர் என்ற பள்ளத்தாக்கில் கிடைத்த தோல்துண்டில் இருப்பது வாவ் என்று பலர் வாசிக்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு.

குறைக்கு வருகிறேன். இந்தப் புத்தகம் வயதானது. சவக்கடல் அருகே கும்ரானில் 1947 முதல் கிடைத்த சுருள்களில் பல, இது வெளிவந்த பிறகுதான் முழுமையாகப் பதிப்பாயின. சாமுவேல் சுருளின் முழுப் பதிப்பு வந்ததே 2005இல். நமக்கு "ஆறுமுழமும் ஒரு ஜாணும்" உயரமான கோலியாத் அந்தச் சுருளிலும் கிரேக்கத்திலும் நாலு முழம் ஒரு சாண்தான், வாட்டசாட்டமான ஆள், அவ்வளவே. இன்னொரு குறை, எந்தப் பிரதியிலும் இல்லாததைப் பதிப்பாசிரியரே ஊகித்து 'இப்படி வாசி' என்று சொல்லும் இடங்கள் நிறைய. மேலே எழுத்தைத் தொடாத பணிவு, கீழே கண்டபடி கை வைக்கும் துணிச்சல். இதற்காகப் பல அறிஞர்கள் திட்டியிருக்கிறார்கள். 2004 முதல் பகுதி பகுதியாக வரும் அடுத்த பதிப்பில் ஊகம் குறைவு, விளக்கமும் கூடவே தருகிறார்கள்.

ஐந்தாகமத்தை எழுதியது யார் என்ற வழக்குக்கு இதில் விடை தேடாதீர்கள். ஆதியாகமத்தில் 'தேவன்' என்று போய்க்கொண்டிருந்தது 2:4இல் 'தேவனாகிய கர்த்தர்' ஆவதை வைத்து, இரண்டு மூல ஆவணங்கள் என்று 1753இல் சொன்னவர் ழான் அஸ்துருக் என்ற பிரெஞ்சு வைத்தியர். அதை நாலு ஆவணக் கொள்கையாக நிலைநிறுத்தியவர் ஜெர்மன் அறிஞர் வெல்ஹவுசன், 1878இல். 1970களிலிருந்து அந்தக் கொள்கையே ஆட்டம் கண்டிருக்கிறது. இவற்றில் எதுவும் பக்கத்தில் வண்ணம் பிரித்துக் காட்டியிருக்காது. பெயர் மாறும் இடம் எபிரெயுவில் கண்ணில் அறைகிற மாதிரி தெரியும், அதுதான் லாபம்.

ஊர்ப்பாசத்தில் நான் முதலில் திறந்தது 1 இராஜாக்கள் 10:22. சாலொமோனின் கப்பல் கொண்டுவந்த மயிலுக்கு எபிரெயுச் சொல் 'துக்கீ'. அது நம் 'தோகை' என்று வாதிட்டவர் இடையன்குடி கால்டுவெல் ஐயர். எகிப்தியச் சொல்வழி அது ஒருவகைக் குரங்கு என்பாரும் உண்டு. வகுப்பில் நான் மயில் பக்கம்தான் கைதூக்கினேன்.

எபிரெய எழுத்து தெரியாதவர்கள் வாங்கவேண்டாம், அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். எழுத்து தெரிந்து, மூலவசனம் மட்டும் போதும் என்றால் வெளியீட்டாளரின் இணையதளத்திலேயே இலவசமாக வாசிக்கலாம், அடிக்குறிப்பு இருக்காது. அடிக்குறிப்புதான் வேண்டும் என்கிறவர்கள் பெரிய அளவை வாங்குங்கள், சுருக்கப்பட்டியலை நகலெடுத்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பக்கம் புரட்டுவது மிச்சம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். பிடித்துக்கொண்ட ஒன்று, இந்தப் புத்தகத்தில் இல்லாத அந்தப் பட்டியல்களுக்காக.