லாட்ஜுக்கு ஒன்று, கருவாட்டுக் கடைக்கு வேறொன்று: கரையோரத் தொழிலுக்கு எந்த மெயில் மென்பொருள்?

ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்துபவரும், கீழக்கரையிலிருந்து வளைகுடா வாடிக்கையாளர்களுக்குக் கருப்பட்டியும் கருவாடும் அனுப்புபவரும், வாடிக்கையாளர் லிஸ்ட்டுக்கு மொத்தமாக மெயில் அனுப்ப ஒரே மென்பொருளை வாங்கினால், இருவரில் ஒருவருக்கு நஷ்டம். மென்பொருளில் குறை இல்லை, பில் போடும் விதம்தான் வேறு. மெயில்சிம்ப், லிஸ்ட்டில் இருக்கும் ஆள் கணக்கில் வாங்கும். பிரெவோ (2023 வரை சென்டின்புளூ என்ற பெயரில் இருந்தது) அனுப்பும் மெயில் எண்ணிக்கையில் வாங்கும். ஜோஹோ கேம்பெய்ன்ஸும் ஆள் கணக்குத்தான், ஆனால் ரூபாயில். லிஸ்ட்மங்க் இலவசம். அதை ஓட்டும் சர்வருக்கும், மெயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அமேசான் எஸ்இஎஸ்ஸுக்கும் மட்டும் காசு.

லாட்ஜை எடுத்துக்கொள்வோம். லிஸ்ட்டில் 6,000 பேர். தை அமாவாசை, கோடை விடுமுறை, ஆடி அமாவாசை, ஐயப்ப சீசன் என்று வருஷத்துக்கு நான்கு முறை மெயில். மொத்தம் 24,000. இப்போது கருவாட்டுக் கடை. 400 பேர்தான், ஆனால் வாரம் ஒரு விலைப்பட்டியல் போகிறது. வருஷத்துக்கு 20,800 மெயில். இரண்டு பேரும் அனுப்புவது ஏறக்குறைய ஒரே அளவு. ஆள் கணக்கில் பார்த்தால் லாட்ஜ் பதினைந்து மடங்கு.

கடைக்கு மெயில்சிம்ப் கட்டுப்படியாகும், 500 பேர் வரைக்குமான கட்டணப் படியில் அடங்கிவிடும். லாட்ஜ் அங்கே போனால், ஒரு மெயிலும் அனுப்பாத எட்டு மாதத்துக்கும் 6,000 பேருக்கான வாடகை கட்ட வேண்டும். இன்னொரு இடத்திலும் இது கடிக்கும்: 'வேண்டாம்' என்று அன்சப்ஸ்கிரைப் செய்தவரும் பில்லில் ஒரு தலை. ஆர்கைவ் செய்தால்தான் கணக்கிலிருந்து போவார். ஒரே முகவரி இரண்டு ஆடியன்ஸில் (லிஸ்ட்டுக்கு மெயில்சிம்ப் வைத்த பெயர்) இருந்தால் இரண்டு தலை. யாத்ரீகர் லிஸ்ட் தனி, சுற்றுலா லிஸ்ட் தனி என்று பிரிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். ஒரே ஆடியன்ஸ் வைத்துக்கொண்டு டேக் போட்டுப் பிரிப்பதுதான் சரி.

பிரெவோவின் இலவசத் திட்டம் நாளுக்கு 300 மெயில். 6,000 பேருக்கு ஒரு சுற்று முடிய இருபது நாள் ஆகும், அதற்குள் அமாவாசையே போய்விடும். மாதச் சந்தா வேண்டாம் என்றால் மெயில் கிரெடிட்டை முன்கூட்டி வாங்கும் வழி அங்கே உண்டு. நான்கு சீசன் லாட்ஜுக்கு அதுவே பொருத்தம்.

எஸ்இஎஸ்ஸில் ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட். லாட்ஜின் 24,000 மெயிலுக்கு வருஷம் முழுக்க 2.40 டாலர், அவ்வளவுதான். லிஸ்ட்மங்க் ஓட ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்தால் அதன் ஒரு மாத வாடகையே இதைவிட அதிகமாக வரும். ஆனால் கணக்கு இத்தோடு முடியவில்லை. லிஸ்ட்மங்க், பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் எழுதிய திறந்த மூல மென்பொருள். லட்சக்கணக்கில் அனுப்பினாலும் அசராது. அதில் ஆட்டோமேஷன் இல்லை. 'வருகைக்கு மூன்று நாள் முன்' போன்ற தொடர் மெயில் வேண்டுமென்றால் நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். சர்வர் விழுந்தால் எழுப்புவதும் அவர் வேலைதான். வீட்டில் பொறியியல் படித்த பிள்ளை இருக்கிறான் என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம், அவனுக்கு சென்னையில் வேலை கிடைத்துவிடும்.

ரூபாய் பில் சின்ன விஷயம் அல்ல. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தொடர்கட்டண விதி அமலுக்கு வந்ததிலிருந்து, வெளிநாட்டுச் சந்தாவுக்கு நம் கார்டில் தானாகப் பணம் பிடிப்பது அடிக்கடி தடைபடுகிறது. பணம் போகாவிட்டால் கணக்கு முடங்கும், ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோமேஷனும் சத்தமில்லாமல் நிற்கும். ஜோஹோ ஜிஎஸ்டியோடு ரூபாய் பில் தரும், ஆடிட்டருக்கும் தலைவலி இல்லை.

ஆட்டோமேஷன்: எங்கே பழுதாகிறது

லாட்ஜுக்கு உண்மையில் பயன்படுவது ஒரே ஒரு தொடர்தான். வருகைத் தேதிக்கு மூன்று நாள் முன் ஒரு மெயில்: எந்த ஸ்டேஷனில் இறங்குவது, 22 தீர்த்தம் ஆட மாற்றுத்துணி, விடியற்காலை ஸ்படிகலிங்க தரிசனம், தனுஷ்கோடிக்கு எப்போது கிளம்புவது. புறப்பட்ட மறுநாள் இன்னொரு மெயில். மெயில்சிம்ப், பிரெவோ, ஜோஹோ மூன்றிலும் தேதி டிரிக்கர் (குறித்த தேதி வந்ததும் மெயிலைத் தானாகக் கிளப்பும் அமைப்பு) வைத்து இதைக் கட்டலாம், திட்டத்தைப் பொறுத்து. கட்டுவது அரைமணி நேரம். கெட்டுப்போகும் இடங்கள் நான்கு, நான்கும் கட்டும்போது கண்ணில் படாதவை.

முதலாவது, தேதி வடிவம். எக்செலில் 05/08 என்று இருப்பதை நாம் ஆகஸ்ட் 5 என்று படிப்போம், அமெரிக்க வடிவத்தில் அது மே 8. இம்போர்ட் செய்யும்போது நாள்-மாதம்-ஆண்டு என்று தேர்ந்தெடுக்காவிட்டால் 12-க்கு மேற்பட்ட நாட்கள் காலியாகிவிடும், மற்றவை தலைகீழாகும். பாதி சரியாகத் தெரிவதால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது, கடைசி நேர புக்கிங். நாளை மறுநாள் வருகிறவருக்கு 'மூன்று நாள் முன்' என்பது நேற்றே போய்விட்டது, டிரிக்கர் அடிக்காது. அவர்களுக்கு 'புக்கிங் பதிவானவுடன்' என்று தனிப் பாதை போட வேண்டும். மூன்றாவது, கேன்சல். ரத்து செய்தவரைத் தொடரிலிருந்து வெளியேற்றும் நிபந்தனை இல்லையென்றால், 'உங்களை வரவேற்கக் காத்திருக்கிறோம்' என்ற மெயில் பணம் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்குப் போகும். நான்காவது, மறுநுழைவு. ஒருவர் ஒரு தொடருக்குள் ஒருமுறைதான் நுழையலாம் என்று அமைப்பு இருந்தால், வருஷா வருஷம் திதி கொடுக்க வரும் குடும்பத்துக்கு இரண்டாம் வருஷம் ஒன்றுமே வராது. அவர்கள்தான் லாட்ஜின் நல்ல வாடிக்கையாளர்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒரு கேள்வி உண்டு. விளம்பரம் வேண்டாம் என்று விலகிய விருந்தினருக்கும் வருகைத் தகவல் போயாக வேண்டும், அது சேவை மெயில். பிரெவோவில் இரண்டும் ஒரே கணக்குக்குள் தனித்தனிப் பாதை. ஜோஹோவில் சேவை மெயிலுக்கு ஜெப்டோமெயில் என்று தனிப் பொருள், மெயில்சிம்பில் தனிக் கட்டணம். இந்த ஒரு காரணத்துக்காகவே லாட்ஜுக்கு பிரெவோ ஒரு படி மேல்.

அடுத்தது பஞ்சாங்கம். மூன்று மென்பொருளிலும் 'ஒவ்வொரு ஆண்டும் இதே தேதி' என்று வைக்கலாம், திதியை ஒன்றுக்கும் தெரியாது. ஆடி அமாவாசை 2024-ல் ஆகஸ்ட் 4, 2025-ல் ஜூலை 24. 2024-ல் 'பத்து நாள் முன்' என்று ஜூலை 25-க்கு வைத்த நினைவூட்டல், மறு வருஷமும் அதே தேதியில் கிளம்பினால் அக்னி தீர்த்தத்தில் கூட்டம் கலைந்த மறுநாள் போய்ச் சேரும். திதி மெயிலுக்கு ஆண்டுத் திரும்பல் போடவே கூடாது. பஞ்சாங்கம் வந்ததும் அந்த வருஷத் தேதிகளைக் கையால் ஏற்றி, ஒருமுறை அனுப்பலாக வைக்க வேண்டும். மீன் வியாபாரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. விசைப்படகுத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், ஆங்கிலத் தேதி மாறாது. ஏப்ரல் 10-ல் 'தடைக்கு முன் கடைசிச் சரக்கு', ஜூன் மூன்றாம் வாரம் 'புதுச் சரக்கு' என்று ஒருமுறை கட்டிவிட்டால் ஓடும்.

ஓடுகிறதே என்று மறந்துவிடவும் கூடாது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபோது 'மண்டபத்தில் இறங்குங்கள்' என்று எழுதிய மெயிலை, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகும் மாற்றாமல் விட்டால், விருந்தினர் கடலுக்கு அந்தப் பக்கம் இறங்கி நிற்பார்.

மெயிலைத் திறந்தார்களா என்பதை வைத்துப் பாதை பிரிப்பது பழைய வழக்கம். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்ததிலிருந்து ஆப்பிள் மெயில், ஆள் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்குகிறது, திறந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. கிளிக்கை வைத்துப் பிரியுங்கள். கருவாட்டுக் கடைக்கு பதில் மெயிலே போதும்.

தமிழ் என்றால்

நான்கிலுமே யூனிகோட் தமிழ் ஒழுங்காகப் போகும். கெடுவது அதற்கு முன்பே. எக்செலில் சாதாரண சிஎஸ்வி என்று சேமித்தால் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகும், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமிக்க வேண்டும். அச்சகத்தில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பட்டியலையும் விளம்பர வாசகத்தையும் அப்படியே ஒட்டினால், வாங்குபவருக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

பெயர் இன்னொரு வம்பு. முழுப்பெயரை மென்பொருள் இடைவெளியில் வெட்டி, முதல் துண்டை முதற்பெயராக எடுத்துக்கொள்ளும். 'க. முருகேசன்' என்பவருக்கு 'வணக்கம் க.' என்று மெயில் போகும். தலைப்பெழுத்துக்குத் தனிக் கட்டம் வைத்து, பெயர் காலியாக இருந்தால் 'ஐயா/அம்மா' என்று வருமாறு மாற்றுச்சொல் கொடுத்துவிடுங்கள். அளவையும் பாருங்கள். யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட், 'கி' என்ற ஒரு எழுத்துக்கு 6 பைட். ஜிமெயில் சுமார் 102 கேபியைத் தாண்டிய மெயிலை நடுவில் வெட்டி, மீதியை ஒரு லிங்க்கின் பின்னால் வைத்துவிடும். வேர்டிலிருந்து காப்பி செய்து ஒட்டிய நீளமான தமிழ் மெயில் அந்த எல்லையைச் சுலபமாகத் தொடும். வெட்டுப்படும் பகுதியில்தான் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருக்கும். அது கிடைக்காதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்.

அனுப்பும் நேரமும் இதில் சேர்ந்தது. கணக்கின் டைம்சோன் அமெரிக்க நேரத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். நம் காலை 9 மணி துபாயில் 7.30, சவூதியில் 6.30. அங்கே இருக்கும் கீழக்கரைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா நேரத்தில் அனுப்புவது வீண்.

டொமைன், முதல் அனுப்பல்

ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்து எந்த மென்பொருளிலும் அனுப்ப முயல வேண்டாம். சொந்த டொமைன் கட்டாயம். 2024 பிப்ரவரியில் தொடங்கி ஜிமெயிலும் யாஹூவும் பெரிய அளவில் அனுப்புவோருக்கு எஸ்பிஎஃப், டீக்கிம், டிமார்க் (மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்ட டொமைனில் போடும் பதிவுகள்) மூன்றையும் ஒரே கிளிக்கில் விலகும் வசதியையும் கட்டாயமாக்கின. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. நாளுக்கு 5,000 என்ற எல்லை நமக்கு எட்டாது என்று விட்டுவிடாதீர்கள், சிறு கணக்குகளுக்கும் இவை இல்லாமல் இன்பாக்ஸ் சிரமம்.

தவறுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஏற்கெனவே அலுவலக மெயிலுக்கு ஒரு எஸ்பிஎஃப் வரி இருக்கும். புது மென்பொருளுக்கு இரண்டாவது வரி சேர்த்தால் இரண்டுமே செல்லாது, ஒரே வரியாக இணைக்க வேண்டும். டீக்கிம் பதிவைப் போடும்போது பெயர்க் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து ஒட்டினால், பல டொமைன் கடைகள் அதைத் தாமாகவும் சேர்த்துக்கொள்ளும். டொமைன் இரண்டு முறை வந்து சரிபார்ப்பு தோற்கும். இரண்டில் டீக்கிம்தான் முக்கியம். பவுன்ஸ் (போய்ச் சேராத மெயில்) திரும்பும் முகவரி பெரும்பாலும் மென்பொருளின் டொமைனில் இருப்பதால், டிமார்க்கைத் தேற வைப்பது உங்கள் டொமைனின் டீக்கிம் கையெழுத்துத்தான்.

லாட்ஜ் ரிஜிஸ்டரில் இருக்கும் முகவரிகளை அப்படியே ஏற்றக் கூடாது. தங்குவதற்காகக் கொடுத்த விவரத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்த 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி தனி ஒப்புதல் வேண்டும். முன்பதிவுத் தளங்கள் விருந்தினரின் உண்மை முகவரிக்குப் பதில் தரும் மறைமுகவரிகள் கொஞ்ச காலத்தில் செத்துவிடும். கைப்பட எழுதியதைத் தட்டச்சு செய்ததில் 'ஜிமெயில்' என்ற சொல்லே நான்கு விதமாக இருக்கும். இவை எல்லாம் பவுன்ஸ். எஸ்இஎஸ்ஸில் பவுன்ஸ் 5 சதவீதத்தைத் தொட்டால் கண்காணிப்பு, 10 தொட்டால் அனுப்புவதை நிறுத்தலாம். 6,000-க்கு 300 பழைய முகவரி இருந்தாலே முதல் கோடு. எஸ்இஎஸ் புதுக் கணக்கு சாண்ட்பாக்ஸில்தான் தொடங்கும்: நாளுக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். லிஸ்ட் எப்படிச் சேர்ந்தது என்று எழுதி அனுமதி வாங்க வேண்டும். மற்ற மூன்றிலும் புதுக் கணக்கின் முதல் பெரிய அனுப்பலைத் தடுத்து நிறுத்திப் பார்ப்பது உண்டு. ஆகவே அமாவாசைக்கு முந்தின நாள் முதல் மெயிலைத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே, சமீபத்தில் வந்த 200 பேரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கிக்கொண்டு போங்கள்.

எங்கள் தேர்வு: சீசன் லாட்ஜுக்கு பிரெவோ, கிரெடிட் வாங்கி. வருஷம் முழுக்க புக்கிங்கும் கணக்குப் புத்தகமும் ஜோஹோவிலேயே வைத்திருக்கும் ரிசார்ட்டுக்கு ஜோஹோ, வேறு யோசிக்கவே வேண்டாம். வாரா வாரம் விலை அனுப்பும் கடைக்கு ஜோஹோ அல்லது மெயில்சிம்ப், ரூபாய் பில்லுக்காக ஜோஹோ பக்கம் கொஞ்சம் சாய்வு. முண்டு மிளகாய் ஏற்றுமதியாளர் சங்கம் போல இருபதாயிரம் பேரைத் தாண்டிய லிஸ்ட்டும், மாதச் சம்பளத்தில் ஒரு டெக்னீஷியனும் இருந்தால் மட்டும் லிஸ்ட்மங்க்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் எடுக்க வேண்டியது வாடிக்கையாளர் லிஸ்ட் அல்ல, விலகியவர்கள் மற்றும் பவுன்ஸ் ஆனவர்கள் லிஸ்ட். பழைய கணக்கை மூடும் முன் அதை இறக்கி, புதியதில் தடைப்பட்டியலாக முதலில் ஏற்றிவிட்டு, அதன் பிறகு மற்றவர்களை ஏற்றுங்கள்.