வருமானமா, மகிழ்ச்சியா? ஒரு நாட்டை அளக்கும் நான்கு கோல்கள்

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். வயது 45. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார். விடியும் முன்பே எழுந்து உடம்பு துடைத்துவிட்டு, துணி மாற்றி, மருந்து கொடுத்து, வீட்டில் எல்லோருக்கும் சமைக்கிறார். படுக்கைப் புண் வந்துவிடக் கூடாதே என்று இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து மாமியாரைப் புரட்டிப் படுக்கவைக்கிறார். இப்படி ஒருவர் இல்லாத நாடே கிடையாது. இவர் வாழும் நாடு நன்றாக இருக்கிறதா என்று சொல்ல உலகம் இன்று முக்கியமாக நான்கு அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறது. நான்கின் கண்ணுக்கும் இந்தப் பெண் எப்படித் தெரிகிறார் என்று பார்த்தாலே எது எதற்கு உதவும் என்பது ஓரளவு விளங்கிவிடும்.

முதலாவது, எல்லோருக்கும் பழக்கமான ஜிடிபி, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. அதன் கணக்கில் இந்தப் பெண்ணின் உழைப்பு வருவதே இல்லை. நாளைக்கே அவர் வேலைக்குப் போய், மாமியாரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஒரு செவிலியரை வைத்தால், அதே துடைப்பும் அதே புரட்டிப் படுக்கவைத்தலும் ஜிடிபியில் ஏறிவிடும். வேலை மாறவில்லை, காசு கைமாறியது, அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அளித்த அறிக்கையிலேயே இதை எச்சரித்திருந்தார்: தேசிய வருமானத்தை வைத்து மக்களின் நலனை ஊகிக்க முடியாது என்று. கணக்கை உருவாக்கியவரே சொன்னதை உலகம் அப்புறம் வசதியாக மறந்துவிட்டது.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் வாழ்க்கையை விட்டு விலகிப் போகலாம் என்பதற்கு அயர்லாந்து ஒரு உதாரணம். 2015-இல் அந்நாட்டின் ஜிடிபி ஒரே ஆண்டில் 26 சதவீதம் உயர்ந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரிய பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற சொத்துகளைக் காகிதத்தில் அங்கே மாற்றியதுதான் முக்கியக் காரணம். அந்த ஆண்டு அயர்லாந்துக்காரர்கள் யாரும் கால் மடங்கு கூடுதல் வசதியாகிவிடவில்லை. உள்நாட்டு நிலவரத்தைத் தெரிந்துகொள்ள அந்நாடு பிறகு தனியாக ஒரு திருத்திய கணக்கையே போட வேண்டி வந்தது.

இருந்தாலும் ஜிடிபியைத் தூக்கிப் போடச் சொல்பவன் இல்லை நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடும். வேலைவாய்ப்பு, வரி வருவாய் எல்லாம் அதோடு பிணைந்தவை. வருவாய் இல்லாத அரசு மருத்துவமனை கட்ட முடியாது. 1930களின் பெருமந்தக் காலத்தில் உற்பத்தி எவ்வளவு விழுந்தது என்று தெரிந்துகொள்வதற்காக வளர்த்தெடுத்த கருவி அது, அந்த வேலையை நன்றாகவே செய்கிறது. அதை நாட்டின் மதிப்பெண் பட்டியலாக நினைத்துக்கொண்டதுதான் தவறு.

இரண்டாவது, மனித வளர்ச்சிக் குறியீடு. பாகிஸ்தானின் முன்னாள் நிதியமைச்சர் மஹ்பூப் உல் ஹக் முயற்சியில் 1990-இல் ஐ.நா. வெளியிடத் தொடங்கியது. வாழ்க்கையை ஒற்றை எண்ணில் அடக்குவதை அவருடைய நண்பரும் பொருளாதார அறிஞருமான அமர்த்தியா சென் முதலில் விரும்பவில்லை. ஜிடிபியைப் போலவே முரட்டுத்தனமான ஒரு எண் இல்லாமல் ஜிடிபியை அசைக்க முடியாது என்று வாதாடி அவரைச் சம்மதிக்க வைத்தார் ஹக். ஆயுள், படிப்பு, வருமானம் என்ற மூன்றும் இதில் சேர்கின்றன. நம் பெண் எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார் என்பதை இது பார்க்கிறது. அவருடைய இரவுகளைப் பார்ப்பதில்லை. நாட்டுச் சராசரியில் அவர் கரைந்துபோகிறார். ஜிடிபிக்கு இது எவ்வளவோ மேல், ஆனால் மகிழ்ச்சியைப் பற்றி இது பேசவே இல்லை.

மூன்றாவதைத்தான் செய்தித்தாள்கள் ஒவ்வொரு மார்ச் மாதமும் கொண்டாடுகின்றன: 2012-இல் தொடங்கிய உலக மகிழ்ச்சி அறிக்கை. 2018 முதல் வருடா வருடம் பின்லாந்து முதலிடம் என்று படிக்கிறோமே, அதுதான். இந்தப் பட்டியலைப் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். வருமானம், ஆயுள், ஊழல், சுதந்திரம் என்று ஆறு காரணிகளைக் கூட்டி மதிப்பெண் போடுவதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்த ஆறும் பிற்பாடு விளக்கம் சொல்லத்தான். தரவரிசை ஒரே ஒரு கேள்வியிலிருந்து வருகிறது: ஒரு ஏணியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள், கீழே 0, உச்சியில் 10, உச்சிப் படி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை, அடிப்படி மிக மோசமானது, இப்போது எந்தப் படியில் நிற்பதாக உணர்கிறீர்கள்? நாட்டுக்கு ஆண்டுதோறும் சுமார் 1000 பேரிடம் கேட்டு, மூன்று ஆண்டுப் பதில்களின் சராசரியை எடுக்கிறார்கள். கேள்வியில் மகிழ்ச்சி என்ற சொல்லே கிடையாது.

இதன் பலம் பெரியது. முதல்முறையாக அந்தப் பெண்ணையே கேட்கிறார்கள். அவர் வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அரசுகளுக்குத் தெரியாததை இந்த ஏணி காட்டிக்கொடுத்ததும் உண்டு. எகிப்திலும் துனிசியாவிலும் 2011 எழுச்சிக்கு முந்தைய ஆண்டுகளில் ஜிடிபி ஏறிக்கொண்டிருந்தது, மக்கள் தங்களுக்குப் போட்டுக்கொண்ட மதிப்பெண் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-இல், கொல்கத்தா அருகே சிங்கூரில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை, அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் வெறும் 2.5 சதவீதம். அந்தக் காலத்து விதவைகள் ஆண்களைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்று யாராவது சொல்ல முடியுமா? குறைப்பட்டுக்கொள்ளலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றாமல் போயிருந்தது. அமர்த்தியா சென் இதை எடுத்துக்காட்டித்தான், மனநிறைவை மட்டும் அளவாக வைத்துக்கொள்வது ஆபத்து என்று வாதிட்டார். நம் பெண்ணிடம் ஏணியை நீட்டினால், "ஏதோ போகுது, 6-னு போட்டுக்கோங்க" என்பார். அந்த 6 பொய் இல்லை. ஆனால் அதை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு அமைச்சர் மறுநாள் காலையில் என்ன செய்வார்?

நான்காவது, பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சி. 1970களில் அந்நாட்டின் நான்காம் மன்னர் சொன்ன ஒரு கருத்தாகத் தொடங்கி, 2008 அரசியல் சாசனத்தில் இடம்பெற்று, 2010-க்குள் முறையான குறியீடாகிவிட்டது. பெயரைக் கேட்டால் பனிமலை, புன்னகை என்று ஏதோ கனவு போல இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் இது கறாரான கணக்கு. ஒன்பது துறைகள், 33 குறியீடுகள். மனநிலை, உடல்நலம், கல்வி, நிர்வாகம், சுற்றுச்சூழல், வாழ்க்கைத்தரம், பண்பாடு, அக்கம்பக்கத்து உறவு, அப்புறம் நேரம். ஆமாம், நேரம் ஒரு தனித் துறை. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்கிறார்கள். வேலை எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் அது குறை. தூக்கம் எட்டுக்குக் கீழே போனாலும் குறை. சம்பளமில்லாத வீட்டுப் பராமரிப்பையும் வேலையாகவே எண்ணுகிறார்கள்.

இந்த இடத்தில்தான் அந்தப் பெண் முதல்முறையாக முழுதாகத் தெரிகிறார். 6 என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிவிட முடியாது. பதினான்கு மணி நேர வேலையும் நாலு மணி நேரத் தூக்கமும் அவர் பெயருக்கு எதிரே பதிவாகிவிடும். பொறுத்துப் போகப் பழகிய மனம் மறைத்துவிடுவதைக் கடிகாரம் மறைக்காது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் போதும் என்ற ஒரு எல்லையை வைத்து, எவருக்கு எங்கே குறைகிறது என்று பார்ப்பதுதான் முறை. மூன்றில் இரண்டு பங்கு நிறைவு எட்டாதவர்களை இன்னும் மகிழ்ச்சி அடையாதவர்கள் என்று வகைப்படுத்துகிறார்கள். அந்த 'இன்னும்' எனக்கு மிகவும் பிடித்த சொல். அந்த மூன்றில் இரண்டு பங்கை எட்டியவர்கள் 2010-இல் 40.9 சதவீதம், 2022-இல் 48.1. அதாவது தன் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் அங்கே வந்து சேரவில்லை என்று ஒரு அரசே எழுதி வைக்கிறது.

இதற்காக பூட்டானுக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. 1980களின் இறுதியில் திரிக்லம் நம்ஜா எனப்படும் நடத்தை, உடை நெறியை அரசு எல்லோர் மீதும் சுமத்தியது. குடியுரிமைக் கெடுபிடியும் சேர்ந்துகொள்ள, நேபாளி பேசும் தென்பூட்டான் மக்கள் 1990களின் தொடக்கத்தில் பெருங்கூட்டமாக நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேபாள முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள். அவர்கள் பூட்டானின் மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு எதிலும் வரவில்லை. அதே திரிக்லம் நம்ஜா இன்று 33 குறியீடுகளில் ஒன்றாக இருப்பதைப் பார்க்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. எது நல்ல வாழ்க்கை என்ற பட்டியலை அரசே எழுதினால், அரசுக்குப் பிடித்த வாழ்க்கையே நல்ல வாழ்க்கையாகிவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குறியீடு உயர்ந்த இதே ஆண்டுகளில் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வேலையும் வருமானமும் தேடித்தான் போகிறார்கள். பணம் பெரிதில்லை என்று அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால்? பூட்டானின் கணக்கிடும் முறையை எடுத்துக்கொள்வேன், அதன் பட்டியலை அப்படியே எடுக்க மாட்டேன். குறியீடுகள் எவை, எல்லைகள் எங்கே என்பதை மக்கள் வாதாடித் தீர்மானிக்க வேண்டும், நாட்டைவிட்டுப் போனவர்களையும் தேடிப்போய்க் கேட்க வேண்டும். ஏணிக் கேள்வியைக் கணக்கெடுப்பின் கடைசியில் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம், அது நாடித்துடிப்பு மாதிரி. ஜிடிபி நிதித்துறையின் மேஜையில் இருக்கட்டும். இவ்வளவு விரிவான கணக்கெடுப்புக்குக் காசும் காலமும் பிடிக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடத்த முடியாது, அது எனக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அந்தப் பெண்ணின் ஊரில் வாரத்துக்கு இரண்டு இரவு வந்து மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஒரு செவிலியரை அரசு அனுப்பியிருந்தால், அவருடைய நாலு மணி நேரத் தூக்கம் ஆறாகியிருக்கிறதா என்று அடுத்த கணக்கெடுப்பில் பார்த்துவிடலாம்.