18,500 ரூபாய்க்கு ஒரு சாம்பல் நிறக் கேசட்: ஹார்ட்கோல்ட் வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

நேரே விஷயத்துக்கு வருகிறேன். 18,500 இலங்கை ரூபாய் போய்விட்டது. கேட்டது, நின்டெண்டோ டிஎஸ் என்ற கையடக்க கேம் கருவியில் போடுகிற போகிமான் ஹார்ட்கோல்ட் அசல் கேசட், கூடவே போகிவாக்கர் (நடக்கிற அடியை எண்ணி கேமோடு இணைகிற சின்னக் கருவி). வந்தது கள்ளக் கேசட். விற்றது, பழைய கேம் சாமான் மட்டும் விற்கிறோம் என்று சொல்லிக்கொள்கிற ஒரு சமூக வலைத்தளப் பக்கம். பெயர் போடவில்லை, போட்டால் ரிப்போர்ட் அடித்து இந்தப் பதிவையே தூக்கவைப்பான். அடையாளம் இதுதான்: கடை கிடையாது, பில் கிடையாது, பார்சல் கண்டியிலிருந்து வரும், பேச்சு சுத்தமான மலையகத் தமிழ்.

கள்ளக் கேசட் ஏன் இந்த கேமில் இவ்வளவு புழங்குகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1999இல் ஜப்பானில் வந்த கோல்ட், சில்வர் இரண்டையும் பத்து வருடம் கழித்து டிஎஸ்ஸுக்காகத் திரும்பச் செய்தார்கள். அதுதான் ஹார்ட்கோல்ட், சோல்சில்வர். ஜப்பானில் 2009 செப்டம்பர், வெளிநாடுகளில் 2010. ஜோட்டோ, கான்டோ என்று இரண்டு பிரதேசம், ஜிம் தலைவர்களை வென்றால் கிடைக்கிற பேட்ஜ் 16, முதலில் நிற்கிற போகிமான் எதுவானாலும் வழி முழுக்கப் பின்னாலேயே நடந்து வரும். குறையும் உண்டு. நாலாவது பேட்ஜுக்குப் பிறகு ஜிம்களை முன்பின்னாக அடிக்கலாம் என்பதால் எதிரிகளின் லெவல் ஏறவே ஏறாது. காட்டில் திரிகிற போகிமான்களும் சொத்தை லெவல். சாம்பியன் லான்ஸின் பெரிய டிராகனைட் 50, கான்டோவின் கடைசி ஜிம்மில் 60, அங்கிருந்து சில்வர் மலையில் நிற்கிற கடைசி எதிரி ரெட்டின் பிகாச்சு 88! நடுவில் எங்கே போய் லெவல் ஏத்துவது? விளையாடியவர்கள் எல்லாரும் திட்டுகிற இடம் அது. திட்டிக்கொண்டே, வந்த ரீமேக்கில் இதுதான் ராசா என்றும் சொல்வார்கள். 2021இல் நின்டெண்டோ சுவிட்சுக்கு வந்த, பழைய டயமண்ட் கேமின் ரீமேக்கான பிரில்லியன்ட் டயமண்டைப் போட்டுப் பார்த்துவிட்டு இதைத் தேடுகிறவர்கள் நிறைய. அதில் எக்ஸ்ப் ஷேரை (கூட்டத்திலுள்ள எல்லாப் போகிமானுக்கும் அனுபவப் புள்ளியைப் பகிர்கிற வசதி) அணைக்கவே முடியாது, டயமண்டின் விரிவான பதிப்பான பிளாட்டினத்தில் இருந்த பேட்டில் ஃபிரன்டியர் என்ற சண்டை மைதானமும் இல்லை. ஹார்ட்கோல்டோ டவுன்லோடாக விற்கப்படவில்லை. பழைய கேசட்தான் ஒரே வழி. அசல் கேசட்டும் வாக்கரும் சேர்த்து வெளிநாட்டில் என்ன விலை என்று பார்த்தவர்களுக்கு 18,500 மலிவாகத் தெரியும். தூண்டிலே அதுதான்.

நம்பிய இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அங்கேதான் விழுவார்கள். முதலில் ஒரு 40 விநாடி வீடியோ அனுப்பினான். ஹோ-ஓ என்ற பறவைப் போகிமான் பறக்கிற டைட்டில், கன்டினியூ, கோல்டன்ராட் சிட்டி, பின்னால் நடக்கிற குவிலாவா என்ற போகிமான், மூன்று பேட்ஜ். எல்லாம் சரி. கேசட் படமும் கறுப்பாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் யோசித்தபோது, "அண்ணே நீங்க எந்தத் தோட்டம்?" என்று என் தேயிலைத் தோட்டத்து ஊரைக் கேட்டான். சொன்னதும், "அட, எங்க அம்மா வீடு டிக்கோயாண்ணே. நம்ம ஆளுக்குப் போய்க் கள்ளச் சாமான் குடுப்பனா?" அவ்வளவுதான். பத்தாயிரம் முற்பணம் அன்றைக்கே அவன் கணக்குக்குப் போனது. மிச்சம் 8,500 கொரியர் தம்பியிடம் கையில். பிரித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றால் முடியாது, காசு கொடுத்தால்தான் பார்சல். அந்தப் பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் சட்டம் அப்படி.

பிரித்ததும் தெரிந்தது சாம்பல் நிறம். மற்ற டிஎஸ் கேசட் பெரும்பாலும் சாம்பல்தான். ஹார்ட்கோல்டும் சோல்சில்வரும் அப்படி இல்லை. இந்த இரண்டுக்கும் இன்ஃப்ராரெட் கேசட்டுக்குள்ளேயே இருக்கிறது, வாக்கரோடு பேசுவது அதுதான். டிவி ரிமோட்டின் முன்பக்கக் கறுப்பு பிளாஸ்டிக் மாதிரி, அந்த ஒளி வெளியே வருவதற்காகக் கூட்டையே கறுப்பாகச் செய்தார்கள். போன் டார்ச்சைப் பின்னால் பிடித்தால் அசல் கூடு கருஞ்சிவப்பாக ஒளி விடும், உள்ளே போர்டின் உருவம் தெரியும். எனக்கு வந்ததில் டார்ச் அடித்தால் சுவரில் அடித்த மாதிரி. கறுப்புச் சாயம் பூசிய கள்ளக் கேசட்டும் உண்டு, அதிலும் வெளிச்சம் ஊடுருவாது. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், டார்ச்தான் சோதனை.

அடுத்தது லேபிள் எண். அமெரிக்கப் பதிப்பு ஹார்ட்கோல்டில் என்டிஆர்-ஐபிகேஇ-யுஎஸ்ஏ என்று இருக்க வேண்டும், சோல்சில்வரில் ஐபிஜிஇ. நடுவில் உள்ள நாலெழுத்தில் முதல் எழுத்து 'ஐ' என்றால்தான் இன்ஃப்ராரெட் கேசட். எனக்கு வந்த லேபிளில் அந்த இடத்தில் பழைய டயமண்டின் எண். அச்சடித்தவனுக்கு அந்தச் சிரத்தைகூட இல்லை!

படம் எடுத்து அனுப்பினேன். வந்த பதில்களை வரிசையாகவே தருகிறேன்.

முதல் நாள்: "அது வேற நாட்டு பிரின்ட்ணே, நிறம் மாறும்." மாறாது.

வீடியோவில் இருந்த மூன்று பேட்ஜ் சேவ் எங்கே என்று கேட்டதற்கு: "நீங்க புதுசா ஆரம்பிப்பீங்கன்னு அழிச்சிட்டேன்." அந்த வீடியோவைத் திரும்பப் பார்த்தால் திரை மட்டும்தான் தெரிகிறது. கேசட்டை டிஎஸ்ஸில் செருகுகிற காட்சியே இல்லை. இரவல் அசலிலோ, கேமைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டுகிற எமுலேட்டரிலோ எடுத்திருப்பான்.

இரண்டாம் நாள்: வாக்கர் சேரவில்லை என்றேன். "பேட்டரி வீக்." சிஆர் 2032, கடிகாரக் கடையில் புதிதாக வாங்கிப் போட்டாயிற்று. வாக்கர் உயிரோடு இருக்கிறது, அடி எண்ணுகிறது, 20 அடிக்கு ஒரு வாட் (வாக்கரின் புள்ளி) ஏறுகிறது. கேமின் மெனுவில் வாக்கரை இணைக்கிற வரியும் இருக்கிறது, அழுத்தினால் தேடிவிட்டுத் தோல்வி. "அப்ப பழைய கேமோட சோடி சேந்திருக்கும், ரீசெட் பண்ணுங்க." இது கேட்க நியாயமாக இருக்கும், பலர் இதில் ஒரு வாரம் தொலைப்பார்கள். பழைய சோடி இருந்தால் அசல் கேசட் வாக்கரைக் கண்டுபிடித்த பிறகு அதைச் சொல்லும். இங்கே கேசட்டுக்குக் கண்ணே இல்லை, எதை ரீசெட் பண்ணுவது?

மூன்றாம் நாள் சேவ் போனது. வயலட் சிட்டியில் முதல் ஜிம் தலைவர் பால்க்னரின் 13ஆம் லெவல் பிஜியாட்டோவை அடித்து, சேவ் பண்ணி, அணைத்து, மறுபடி போட்டால் சேவ் பைல் பழுது என்கிறது. அசலில் சேவ் இருப்பது 512 கிலோபைட் பிளாஷ் சில்லில், வருடக்கணக்காகத் தூங்கினாலும் அப்படியே இருக்கும். கள்ளக் கேசட்டில் மலிவுச் சில்லு. அதோடு களவுப் பிரதியைக் கண்டுபிடித்து மாட்டவைக்கிற பூட்டும் இந்த கேமுக்குள் இருக்கிறது. அதைச் சரியாக உடைக்காத பிரதி சண்டை தொடங்குகிற இடத்தில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். இரண்டும் எனக்கு நடந்தது. அதற்கு அவன் சொன்னது: "உங்க டிஎஸ் ஸ்லாட்டுல தூசிண்ணே. ஸ்பிரிட் போட்டுத் தொடைங்க." அதே ஸ்லாட்டில் வேறு நாலு கேசட் ஓடுகிறது.

நாலாம் நாள் 18,500ஐத் திருப்பித் தா என்று நேராகக் கேட்டேன். "வித்தது வித்ததுதான். பக்கத்துல எழுதியிருக்கே, பாக்கலயா?" போய்ப் பார்த்தேன், அன்றைக்குத்தான் எழுதியிருக்கிறான். பாதியாவது தா என்றேன். பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் மட்டும். பக்கத்தில் கமென்ட் போட்டேன், பத்து நிமிடத்தில் காணோம். அதற்குப் பிறகு பிளாக். வேறு நம்பரிலிருந்து எடுத்தால் அதே குரல், "ராங் நம்பர்" என்கிறது, சிங்களத்தில்! டிக்கோயா அம்மா அதற்குள் எங்கே போனாரோ.

பில் இல்லாமல் நுகர்வோர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு எடுத்து என்னத்தைச் சொல்ல? கையில் இருப்பது வங்கி ஸ்லிப் பத்தாயிரத்துக்கு, கொரியர் துண்டு 8,500க்கு. இரண்டிலும் கேசட் என்ற சொல்லே இல்லை, துண்டில் "ஆபரணம்" என்று எழுதியிருக்கிறான்.

விரிவாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வெட்டாத ஒரே வீடியோ கேளுங்கள்: கேசட் கையில், பின்னால் டார்ச், அப்படியே டிஎஸ்ஸில் செருகி, ஆன் பண்ணி, வாக்கரோடு இணைகிற வரைக்கும். அதில் உங்கள் பெயரை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். மறுத்தால் விடுங்கள்.

முற்பணம் வேண்டாம். ஹட்டன் பஸ் ஸ்டான்டோ பண்டாரவளை ஸ்டேஷனோ, நேரில் சந்தித்து உங்கள் டிஎஸ்ஸில் போட்டுப் பாருங்கள். சேவ் பண்ணி அணைத்து மூன்று தடவை திரும்பப் போடுங்கள்.

அவன் பக்கத்தில் கேம்பாய் அட்வான்ஸில் போடுகிற போகிமான் ஃபயர்ரெட்டும் கிடக்கிறது. அசல் ஃபயர்ரெட்டுக்குள் பேட்டரியே கிடையாது. திறந்து பார்த்துப் பேட்டரி இருந்தால் கள்ளக் கேசட்.

எந்தத் தோட்டம் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள்.

இன்று காலை அதே பக்கத்தில், வேறு ஒருவரின் கணக்கிலிருந்து பார்த்தேன், "ஹார்ட்கோல்ட் ஒரிஜினல், ஒன்றே ஒன்று, 18,500" என்று திரும்பப் போட்டிருக்கிறான். இந்தத் தடவை கறுப்புப் படத்தைக்கூடத் தேடவில்லை. பெரிதாக்கிப் பாருங்கள், கூடு சாம்பல்.