கிளஸ்டர் நெட்வொர்க் போட்டுத் தருகிறோம் என்று 3,40,000 ரூபாய் வாங்கி ஏமாற்றினார்கள். தயவுசெய்து படியுங்கள்

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடையின் பெயரைப் போடப் போவதில்லை, வழக்கு வரை போகிற விஷயம். பழைய டேட்டா சென்டர் சாமான்களை வாங்கி விற்று, தாங்களே வந்து மாட்டி, கான்ஃபிகர் செய்தும் கொடுக்கிற வகைக் கடை என்பது மட்டும் தெரிந்தால் போதும். என்னென்ன சோதித்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நானும் என் நண்பரும் கோவையில் பம்ப் கம்பெனிகளுக்கு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) டிசைனைக் கணினியில் ஓட்டிப் பார்த்துக் கொடுக்கிறோம். நீரோட்டத்தைக் கணக்கிடும் ஓபன்ஃபோம்தான் எங்கள் மென்பொருள். எட்டு சர்வர்கள் ஏற்கெனவே இருந்தன; சேர்ந்து ஒரே கணக்கை ஓட்டும் இப்படிப்பட்ட கூட்டம்தான் கிளஸ்டர். அவற்றைச் சாதாரண கிகாபிட் சுவிட்சில் கோத்து ஓட்டினால் வேகம் வராது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லா எந்திரங்களும் சின்னச் சின்னத் தகவலாக ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும். கிகாபிட்டில் ஒரு தகவல் போய்ச் சேர ஐம்பது மைக்ரோசெகண்ட் அளவுக்கு ஆகும், இதற்கென்றே இருக்கும் இன்ஃபினிபேண்ட் என்ற வேகமான இணைப்பில் ஒன்றிரண்டு மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். அதற்காகத்தான் இந்தச் செலவுக்கே துணிந்தோம்.

கடைக்காரர் கொடுத்த கொட்டேஷன்: மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-3 எஃப்டிஆர் (56 கிகாபிட் வேக இன்ஃபினிபேண்ட்) கார்டு எட்டு, 56 கிகாபிட் சுவிட்ச் ஒன்று, கேபிள்கள், இவற்றோடு ‘முழு கான்ஃபிகரேஷன், டெஸ்டிங்’ என்று தனியாக 45,000. எல்லாம் சேர்த்து 3,40,000 ரூபாய். பாதி முன்பணம், மீதி எங்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டிய பிறகு என்று பேசினோம். அவரும் மறுக்கவில்லை. “தம்பி, ஓடுறதைப் பார்த்துட்டே காசு கொடுங்க, எனக்கு அவசரமே இல்ல” என்றார்.

அந்த வார்த்தையைத்தான் நம்பினோம். சாமானைக் காட்டாமல் முழுப் பணத்தையும் கேட்கிற ஆளாக இருந்தால் அங்கேயே எழுந்து வந்திருப்போம். இவர் எங்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார். டெக்னீஷியன் பையன் லேப்டாப்பை வைத்து ஒவ்வொரு எந்திரமாகப் பெயர் போட்டுப் பிங் செய்தான், எட்டும் பதில் சொன்னது. அப்புறம் எம்பிஐ (சேர்ந்து ஓடும் நிரல்கள், அதாவது பிராசஸ்கள், தகவல் பரிமாறிக்கொள்ளும் முறை) வேகச் சோதனையை ஓட்டினான். திரையில் 0.4 மைக்ரோசெகண்ட் என்று வந்தது. “பார்த்தீங்களா சார், ஒண்ணுக்கும் கீழே!” என்றான். நண்பர் அந்தத் திரையை போனில் படம் எடுத்தார். மீதி 1,70,000 ரூபாயை அங்கேயே வங்கியில் மாற்றிவிட்டோம்.

அந்தப் படம்தான் இப்போது எங்கள் கையில் இருக்கும் சாட்சி. 0.4 மைக்ரோசெகண்டில் எந்த எஃப்டிஆர் கார்டும் ஒரு எந்திரத்திலிருந்து இன்னொரு எந்திரத்துக்குத் தகவலைக் கொண்டு சேர்க்காது. அந்த எண் ஒரே எந்திரத்துக்குள், நினைவகம் வழியாக இரண்டு பிராசஸ்கள் பேசிக்கொண்டால் வருவது. அவன் கொடுத்த கட்டளையில் எந்தெந்த எந்திரங்களில் ஓட வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட் பட்டியலே இல்லை, படத்தில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு பிராசஸ்களும் ஒரே சர்வரில் ஓடின. கேபிளை மொத்தமாகப் பிடுங்கிப் போட்டிருந்தாலும் அதே எண்தான் வந்திருக்கும். முதலில் பிங் செய்து காட்டியதும் பழைய கிகாபிட் வழியாகத்தான். ஹோஸ்ட்ஸ் கோப்பில் பெயர்களுக்கு நேராக இருந்தவை அந்தப் பழைய முகவரிகளே. இதைத் தெரியாமல் செய்ததாக யார் சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

அவர்கள் போன பிறகு உண்மையான வேலையை ஓட்டினோம். ஒரே சர்வரில் 11 மணி நேரம் எடுக்கும் இம்பெல்லர் கணக்கு எட்டு சர்வரிலும் சேர்ந்து 9 மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் முடியும் என்று எதிர்பார்த்து வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்திருந்தோம்.

இன்ஃபினிபேண்ட் கார்டின் நிலையைக் காட்டும் ஐபிஸ்டாட் கட்டளையை ஓட்டிப் பார்த்தேன். ஆறு எந்திரங்களில் ‘இனிஷியலைசிங்’, இரண்டில் ‘போலிங்’, அதாவது மறுமுனையையே இன்னும் காணவில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: இன்ஃபினிபேண்டில் சப்நெட் மேனேஜர் என்று ஒன்று எங்காவது ஓட வேண்டும். அதுதான் ஒவ்வொரு கார்டுக்கும் எண் கொடுத்து, பாதை வகுக்கும். அது இல்லாவிட்டால் கேபிள் சரியாக இருந்தாலும் போர்ட் இனிஷியலைசிங் நிலையிலேயே நின்றுவிடும். இவர்கள் கொடுத்த சுவிட்சுக்குள் அது கிடையாது. ஏதாவது ஒரு சர்வரில் ஓபன்எஸ்எம் என்ற இலவச மென்பொருளைப் போட்டு இயக்க வேண்டும், இரண்டு வரி வேலை. 45,000 ரூபாய் கான்ஃபிகரேஷன் கூலி வாங்கியவர்கள் அந்த இரண்டு வரியைக்கூடப் போடவில்லை. எங்கள் எம்பிஐ மென்பொருளான ஓபன்எம்பிஐ இன்ஃபினிபேண்டைக் காணாவிட்டால் நிற்காமல் சாதாரண டிசிபி இணைப்புக்கு இறங்கி கிகாபிட்டிலேயே ஓடிவிடும். அதனால் வெளியே பார்க்க எல்லாம் நடப்பதுபோல இருந்தது.

ஓபன்எஸ்எம்மை நானே போட்டேன். நான்கு போர்ட்டுகள் ‘ஆக்டிவ்’ ஆயின, ஆனால் வேகம் 56 இல்லை, 40. சுவிட்சின் ஸ்டிக்கரை உரித்தால் அடியில் இருக்கிறது க்யூடிஆர் என்ற 40 கிகாபிட் பழைய மாடல். 40 என்பதும் முழுதாகக் கிடைக்காது, குறியாக்கத்துக்குப் போக 32 கிகாபிட்தான் மிஞ்சும். இன்னும் இரண்டு போர்ட்டுகள் 10-லேயே நிற்கின்றன. கேபிளை மாற்றிச் சொருகினால் மந்தமும் அந்தக் கேபிளோடு அடுத்த போர்ட்டுக்குப் போகிறது. மீதி இரண்டு இன்னும் போலிங். 3,40,000 ரூபாய்க்கு உருப்படியாக வந்தது பாதி.

போன் செய்தேன். முதலில் “உங்க சாஃப்ட்வேர்ல பாருங்க தம்பி.” அடுத்து, “புது டிரைவர் போடுங்க, சரியாயிடும்.” இது எனக்கு இன்னும் ஆறவில்லை. கனெக்ட்எக்ஸ்-3 கார்டுக்கான ஆதரவை மெல்லனாக்ஸின் டிரைவர் தொகுப்பில் 5.1 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள், 4.9 வரிசைதான் கடைசி. அவர் சொன்னபடி புதிதைப் போட்டதும் வேலை செய்துகொண்டிருந்த கார்டும் காணாமல் போனது. லினக்ஸோடு வரும் டிரைவருக்குத் திரும்பி அதைச் சரிசெய்ய ஒரு ராத்திரி போயிற்று. இந்தக் கார்டைத் தொழிலாக விற்கிறவருக்கு இது தெரியாதா?

அப்புறம் “பையன் ஊருக்குப் போயிருக்கான்.” அப்புறம் “வாரன்ட்டி கார்டுக்குத்தான், கேபிளுக்கு இல்ல.” சுவிட்ச் ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நண்பர் நேரில் போனபோது கேட்ட பதில்: “தொழிலுக்கு வாங்கினது, கன்ஸ்யூமர் கோர்ட்ல நிக்காது. வித்த சாமான் திரும்ப எடுக்கிறதில்ல.”

அவர் சொன்னது முழு உண்மை இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராதுதான். ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதற்கு விலக்கு உண்டு. எங்கள் இருவருடைய பிழைப்பும் இந்த எட்டு சர்வர்தான், கூலிக்கு ஆள் கிடையாது. 5 லட்சம் வரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லிவிட்டோம், மனு தயாராகிறது. ஆனால் பில்லில் ‘கம்ப்யூட்டர் சாமான்கள்’ என்று மட்டும் போட்டிருக்கிறார். மாடல் எண் எதுவும் இல்லை. வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறார் என்பது இப்போதுதான் விளங்குகிறது.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், ஆத்திரத்தில் கை ஓட மறுக்கிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேகச் சோதனையை விற்பவர் கையில் விடாதீர்கள். முதலில் ஹோஸ்ட்நேம் கட்டளையை எம்பிஐ வழியாக ஓட்டி இரண்டு வேறு பெயர்கள் வருகின்றனவா என்று பாருங்கள், அதே ஹோஸ்ட் பட்டியலோடு சோதனையை ஓட்டுங்கள். வினாடிக்கு 110 மெகாபைட் பக்கம் வந்தால் அது கிகாபிட். எல்லா எந்திரத்திலும் ஐபிஸ்டாட்டில் ஆக்டிவ் என்றும் பேசிய வேகமும் வர வேண்டும். சுவிட்ச் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள். பில்லில் மாடல் எண், சீரியல் எண் இரண்டும் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எங்கள் 3,40,000 ரூபாய் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. கோவைப் பக்கம் யாராவது இப்படி ஒரு கொட்டேஷனைக் கையில் வைத்திருந்தால், மீதிப் பணத்தை மாற்றுவதற்கு முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கூட வந்து சோதித்துத் தருகிறேன்.