கொடைக்கானல் மரக்குடில்: கதகதப்பு உண்டு, காற்றோட்டம் போதாது

கொடைக்கானல் நகருக்கு வெளியே, மலைச்சரிவில் வரிசையாக அமைந்த மரக்குடில்களில் ஒன்றில் சனவரி மாதம் குடும்பத்துடன் தங்கினோம். உணவிலும் உபசரிப்பிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. எனவே குடிலுக்குள் வெப்பமும் காற்றும் எவ்வாறு கையாளப்பட்டிருக்கின்றன என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில், இரவு வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் பருவத்தில், தூக்கம் பெரும்பாலும் இவ்விரண்டையும் பொறுத்தே அமைகிறது.

சுவர்கள் பைன் பலகையால் ஆனவை. செங்கல் கடத்தும் அளவுக்கு மரம் வெப்பத்தை எளிதில் வெளியே கடத்தாது என்றாலும், மெல்லிய பலகை வெப்பத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளவும் செய்யாது. அதனால் ஹீட்டரைப் போட்டவுடன் அறை விரைவில் சூடாகிறது, நிறுத்தியவுடன் அதே வேகத்தில் குளிர்ந்தும் விடுகிறது. தகரக் கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே தெர்மோகோல் அடைத்திருப்பது நல்ல வேலை. கதவுக்கும் வாசற்படிக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பதுதான் அந்த நல்ல வேலையைப் பாதி வீணாக்குகிறது. நள்ளிரவில் தரையோடு ஊர்ந்து வரும் குளிர் நேராகக் கட்டிலடிக்கு வந்து சேர்கிறது.

கொடுத்திருந்த ஹீட்டர் 2,000 வாட் எண்ணெய் வகை, அதாவது உள்ளே அடைத்த எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்குவது. தீயில்லாமல் இயங்குவதால் அறையின் ஆக்சிஜனை அது எரிப்பதில்லை. செந்தணலாகக் கம்பி ஒளிரும் வகையைப் போலக் கண்ணைக் கூசவைப்பதும் இல்லை. முழு வேகத்தில் மணிக்கு இரண்டு யூனிட் இழுக்கும் இக்கருவிக்கு ஏறக்குறைய 9 ஆம்பியர் மின்னோட்டம் தேவை. மலை விடுதிகள் பலவற்றில் இதைச் சாதாரண எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகிவிடுவார்கள், ஒயர் கைபொறுக்காத அளவுக்குச் சுடும். இங்கே கட்டிலருகே தனியாக 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்திருக்கிறார்கள். மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விளக்குகளுக்கு மட்டுமே. ஹீட்டர் நின்றுவிடும். அப்படி நின்ற ஓர் இரவில், பணியாளர் அன்போடு கரிச்சட்டி ஒன்றைக் கனன்றபடி கொண்டுவந்து, அறைக்குள் வைக்கட்டுமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். கரி எரியும்போது வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றின் எடையோடு அதன் எடை ஒத்திருப்பதால் அறை முழுவதும் சீராகக் கலந்துவிடும், உறங்குபவர் விழித்துக்கொள்ளக்கூட வழியில்லை. மூடிய அறையில் கரித் தணலோடு உறங்கியவர்கள் இறந்த செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கும்போது, கரிச்சட்டியை ஒரு வசதியாக வழங்குவதை எந்த நிர்வாகமும் உடனே கைவிட வேண்டும்.

காற்றோட்டம்தான் இக்குடிலின் பெரிய குறை. குளிர்ப் பகுதிகளில் திறக்கக்கூடிய சன்னல் பரப்பு, கதவைச் சேர்க்காமல், தரைப்பரப்பில் பன்னிரண்டில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சுமார் 180 சதுர அடிக் குடிலுக்கு 15 சதுர அடி வேண்டும். இங்கே பள்ளத்தாக்கை நோக்கிய பெரிய கண்ணாடி முழுவதும் அசையாத கண்ணாடி. திறப்பதோ பக்கத்தில் உள்ள ஒற்றைச் சன்னல் மட்டும், ஆறு சதுர அடி தேறலாம். உட்கூரையை ஒட்டி ஒரு வென்டிலேட்டர்கூட இல்லை. நால்வர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் வேறு போக்கிடமின்றிக் கண்ணாடியில் படிந்து, விடியற்காலையில் கோடு கோடாக வழிகிறது. சன்னலடித் தலையணை நமுத்துப்போயிருந்தது, அதன் பின்னாலுள்ள பிளைவுட்டில் பூஞ்சை கறுப்பாகப் பிடித்திருந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. குளியலறையில் மட்டும் எக்ஸாஸ்ட் விசிறி உண்டு. கீசரும் மின்சாரத்தில் இயங்குவது, கார்பன் மோனாக்சைடு வெளிவிடக்கூடிய எரிவாயு வகை அல்ல என்பது ஆறுதல்.

குளிரூட்டி இல்லை, தேவையும் இல்லை. மேற்கு வெயில் கண்ணாடி வழியாக இறங்கும் பிற்பகலில் மட்டும் உள்ளே புழுங்குகிறது. கூரை விளிம்பை இரண்டடி வெளியே நீட்டியிருந்தால் ஓரளவு தணிந்திருக்கும்.

மார்ச் முதல் மே வரை செல்பவர்கள் தயங்காமல் தங்கலாம். திசம்பர், சனவரியில் செல்வதானால், ஜெனரேட்டரில் ஹீட்டர் ஓடுமா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்; ஓடாது என்றால் ஆளுக்கு இரண்டு கம்பளி தரச் சொல்லுங்கள், கேட்டால் தருகிறார்கள்.