ஞானப்பல் எடுத்த கன்னத்துக்கு ஐஸா, உப்பு ஒத்தடமா?

ஞானப்பல் எடுத்துவிட்டு வீடு திரும்பினால், திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் முதலில் கிளம்புகிற பேச்சு கன்னத்தில் எதை வைப்பது என்பதுதான். டாக்டர் ஐஸ் என்பார். பெரியவர்கள் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கச் சொல்வார்கள். “ஏட்டி, ஐஸ வச்சா ஜன்னி வந்துரும். சூட்டுக்குத்தான் வீக்கம் வத்தும்” என்றார் ஆச்சி. எனக்குக் கீழ்த்தாடையில் படுத்துக் கிடந்த பல். ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் ராவி, பல்லை வெட்டித் துண்டாக எடுத்துத் தையல் போட்டார்கள். நான் ஐஸ் பக்கம் நின்றேன், இன்றும் அதே பக்கம்தான்.

மாத்திரை இரண்டு கட்சிக்கும் பொது. ஐபுபுரூஃபன் வகை வலியோடு வீக்கத்தையும் குறைக்கும். வயிற்றுப்புண், ஆஸ்துமா, கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். தலையணையை உயர்த்திப் படுப்பதும் பொது.

முடிவு செய்வது நேரம்தான். பல் எடுத்த இடத்தில் ரத்தக்குழாய்கள் கீறப்பட்டு, சுற்றியுள்ள சதையில் நீர் கசிந்து சேர்கிறது. இந்த வீக்கம் உடனே உச்சத்துக்குப் போவதில்லை. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் முகம் முழுதாக உப்பும். குளிர்ச்சி பட்டால் ரத்தக்குழாய் சுருங்கும், கசிவு மட்டுப்படும், நரம்பும் கொஞ்சம் மரத்துப்போகும். சூடு பட்டால் குழாய் விரியும். முதல் நாளே சூடு வைப்பது கசிகிற இடத்துக்கு இன்னும் ரத்தத்தை அனுப்புகிற வேலை. இன்னொன்று, மரப்பு ஊசி தெளிய மணிக்கணக்கில் ஆகும். அதுவரை உதடும் கன்னமும் எதையும் உணராது. உப்பு முடிச்சு சுட்டாலும் தெரியாது.

ஐஸ் வீக்கத்தை அடியோடு தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆய்வுகளிலும் அதற்கான சான்று அரைகுறையாகத்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது, அது வைத்திருந்த நேரம் கன்னத்தின் விண்விண் அடங்கியது.

ஐஸில் சிரமம் அதைப் பராமரிப்பதுதான். 15, 20 நிமிடம் வைத்து, அதே அளவு இடைவெளி விட்டு, மறுபடி வைக்க வேண்டும். முழித்திருக்கிற நேரமெல்லாம், முதல் இரண்டு நாள் இதே வேலை. நம் ஊர் வெயிலில் ட்ரே ஐஸ் சீக்கிரம் கரைந்து, துண்டு சொட்டி, கழுத்து வழியே நீர் சட்டைக்குள் இறங்கும். மெடிக்கலில் கிடைக்கும் ஜெல் பை இதற்கு எவ்வளவோ மேல். தாடை வளைவுக்கு ஒட்டி உட்காரும், சொட்டாது. ஆனால் ஒன்று போதாது. ஒன்று கன்னத்தில் இருக்கும்போது மற்றது ஃப்ரீசரில் இருக்க வேண்டும். எதுவானாலும் மெல்லிய துணியில் சுற்றித்தான் வைக்க வேண்டும், வெறும் தோலில் வைத்தால் தோல் புண்ணாகும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் எது என்று பார்த்துவிட்டுப் பல் எடுக்கத் தேதி வாங்குங்கள்.

அப்படியானால் ஆச்சியின் உப்பு வீணா? இல்லை, அதற்கு முறை பின்னால் வரும். இரண்டு நாள் தாண்டியதும் ஐஸால் பெரிய பலன் இல்லை. அப்போது வாய் இறுகி, இட்லியைக்கூடப் பிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டியிருக்கும். அந்த இறுக்கத்துக்கு மிதமான சூடு இதம். மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, பொறுக்கிற சூட்டில் கொடுக்கலாம். நான் அதைக் கொஞ்ச நேரமே வைத்தேன். வாய் தளர்ந்தது சூட்டாலா, நாள் ஆனதாலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு ஒரு பக்கம், ஒரு பல்தான். நான்கையும் ஒன்றாக எடுத்தவர்கள் அனுபவம் வேறாக இருக்கலாம்.

எதை வைத்தாலும், குழியில் உறைந்த ரத்தத்தைக் காப்பாற்றுங்கள். அது பிடுங்கிக்கொண்டால் எலும்பு திறந்து, சில நாளில் காது வரை வலி தெறிக்கும். இளநீரை ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாதீர்கள், டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். காறித் துப்புவது, சிகரெட், வெற்றிலை எல்லாம் விலக்கு. உப்புத் தண்ணீர் கொப்பளிப்பு 24 மணி நேரம் கழித்து, அதுவும் மெதுவாக. ஆறின சொதியில் ஊறிய இடியாப்பம் தாராளமாகச் சாப்பிடலாம். கூட வரும் இஞ்சிப் பச்சடியும் சிப்ஸும் வேண்டாம்.

மூன்று நாள் கழிந்தும் வீக்கம் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சலோ சீழோ வந்தால், ஐஸையும் உப்பையும் விட்டுவிட்டுப் பல் எடுத்த டாக்டரிடமே போங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் அவருக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு.