கேம்பர் வேன் வாடகையில் 1,140 டாலர் போனது எப்படி: சாவி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

லாஸ் வேகஸில் கேம்பர் வேன் எடுத்து, ஸையன், பிரைஸ் கேன்யன், மோவாப், மானுமென்ட் வேலி எல்லாம் சுற்றி, ஒன்பதாம் நாள் அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தோம். டெபாசிட் 1,500 டாலர். திரும்பி வந்தது 360 மட்டுமே. மீதி 1,140 டாலருக்கு வாடகை நிறுவனம் எழுதிய கணக்கு இது: மண் சாலையில் ஓட்டியதற்கு 500, வண்டியின் அடிப்பக்கச் சிராய்ப்புக்கு 420, ஃபிரிட்ஜை அளவுக்கு மீறி ஓட்டி பேட்டரியைக் கெடுத்ததற்கு 220. மூன்றும் பொய்க் கணக்கு. இந்தப் பக்கம் வேன் எடுக்கப்போகிறவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பேட்டரி. கேம்பர் வேனில் இரண்டு பேட்டரி உண்டு. ஒன்று எஞ்சினை ஸ்டார்ட் செய்ய. இன்னொன்று பின்னால் ஃபிரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, தண்ணீர் பம்ப் ஆகியவற்றுக்கு. விளம்பரத்தில் இந்த இரண்டாவது பேட்டரி ‘100 ஆம்ப்-அவர் லித்தியம், ஃபிரிட்ஜ் இரவு பகலாக ஓடும்’ என்று போட்டிருந்தார்கள். ஆம்ப்-அவர் என்பது பேட்டரியின் கொள்ளளவு: ஒரு ஆம்ப் வீதம் ஒரு மணி நேரம் இழுத்தால் ஒரு ஆம்ப்-அவர். இரண்டாம் நாள் இரவு 2 மணிக்கு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்திருந்தது ஏஜிஎம் வகை லெட்-ஆசிட் பேட்டரி. மேலே ஒட்டியிருந்த தேதிச் சீட்டு ஆறு வருடப் பழசு.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? லித்தியத்தில் 100 ஆம்ப்-அவர் என்றால் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். ஏஜிஎம்மில் பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, புதியதாக இருந்தாலே கையில் இருப்பது 50தான். பழசாகி அதிலும் பாதி போயிருந்தால் 25. ஐம்பது அறுபது லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ் ஓடும்போது சுமார் 4 ஆம்ப் இழுக்கும். வெயில் காலத்தில் பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தால் சராசரி 2 ஆம்ப். கூரை மின்விசிறிக்கு இன்னொரு ஒன்றரை. மணிக்கு மூன்றரை ஆம்ப் வீதம் 25 ஆம்ப்-அவர் ஏழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். சாயங்காலம் ஏழுக்கு வண்டியை நிறுத்தினால் இரவு இரண்டு! கணக்கு அச்சாகப் பொருந்துகிறது.

இதில் இன்னொரு கோளாறும் இருந்தது. வண்டி ஓடும்போது எஞ்சின் பக்கத்திலிருந்து இரண்டாவது பேட்டரிக்கு சார்ஜ் வர வேண்டும். நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அந்த பேட்டரியில் 12.3 வோல்ட்தான் காட்டியது. 13.8 முதல் 14.4 வரை காட்டியிருக்க வேண்டும். இரண்டு பேட்டரிக்கும் நடுவில் உள்ள பெரிய ஃபியூஸின் கண்ணாடி மூடி வழியாகவே கருகிய தகடு தெரிந்தது. தகட்டின் இரு முனையும் பச்சை பூத்திருந்தன. அது நேற்று எரிந்த ஃபியூஸ் கிடையாது. எத்தனையோ நாளாக அந்த பேட்டரி கூரையில் இருந்த ஒற்றை 100 வாட் சோலார் பேனலை மட்டும் நம்பி ஓடியிருக்கிறது. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒரு நாளைக்கு 30 ஆம்ப்-அவர் தந்தாலே பெரிது. பேனலில் செம்மண் தூசி படிந்து, பள்ளத்தாக்குச் சுவரின் நிழலில் வண்டி நின்றால் அதுவும் வராது. இப்படிப் பட்டினி போட்ட பேட்டரியைத்தான் நாங்கள் கெடுத்தோம் என்று 220 டாலர் எழுதினார்கள்.

வண்டி எடுக்கும் இடத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம். சாக்கெட்டில் செருகும் சின்ன வோல்ட் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை அதிகமில்லை. டிரைவர் பக்கத்து சாக்கெட்டில் செருகாதீர்கள், அது பெரும்பாலும் எஞ்சின் பேட்டரியைக் காட்டும். பின்பக்கத்து சாக்கெட்டில் செருகி, எஞ்சினை அணைத்து, ஃபிரிட்ஜை அதிகக் குளிரில் வைத்து, மின்விசிறியையும் எல்லா விளக்குகளையும் போட்டு 20 நிமிடம் விடுங்கள். நல்ல ஏஜிஎம் 12.4-க்கு மேல் நிற்கும். 12.2-க்குக் கீழே போனால் அந்த வண்டி வேண்டாம். லித்தியம் என்று சொல்கிறார்களா? முழு சார்ஜில் உள்ள லித்தியம் சும்மா இருக்கும்போது 13.3, 13.4 காட்டும். ‘ஃபுல் சார்ஜ்’ என்று சொல்லிவிட்டு மீட்டர் 12.7 காட்டினால், ஒன்று அது லித்தியம் இல்லை, அல்லது ஃபுல் இல்லை. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வோல்ட் 13.8-ஐ நோக்கி ஏற வேண்டும். ஏறாவிட்டால் சார்ஜ் வரவில்லை. ‘ஓடும்போது சரியாகிவிடும்’ என்பார்கள், ஆகாது.

அடுத்தது மண் சாலை அபராதம். ஒப்பந்தங்களில் தார் போடாத சாலைக்குத் தடை இருக்கும், வண்டியில் ஜிபிஎஸ் கருவியும் இருக்கும். கணக்குக் கேட்டபோது அவர்கள் அனுப்பிய வரைபடத்தில் இருந்தது ஒரே ஒரு புள்ளி: காசு கட்டித் தங்கிய கேம்ப்கிரவுண்டுக்குள் போகும் சுமார் 300 மீட்டர் சரளைப் பாதை. அதே ஒப்பந்தத்தில் ‘பராமரிக்கப்படும் கேம்ப்கிரவுண்ட் பாதைகள் நீங்கலாக’ என்று ஒரு வரி இருந்தது, அதனால் பிழைத்தோம். உங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ப் பேச்சு நிற்காது.

உண்மையிலேயே மாட்டிவிடும் சாலைகளும் இந்தப் பகுதியில் உண்டு. யூட்டாவில் மெக்ஸிக்கன் ஹாட் என்ற சிற்றூரிலிருந்து நேச்சுரல் பிரிட்ஜஸ் என்ற பாறைப் பாலங்களைப் பார்க்கப் போக வழி கேட்டால் மேப் யூட்டா 261-ஐக் காட்டும். மாநில நெடுஞ்சாலைதானே என்று போனால், நடுவில் மோக்கி டக்வே வரும். சுமார் 3 மைல் சரளை, 10 சதவீதச் சரிவு, கொண்டை ஊசி வளைவுகள். 28 அடிக்கு மேற்பட்ட நீளமோ 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையோ உள்ள வண்டிகள் போக வேண்டாம் என்பது அதிகாரப்பூர்வ அறிவுரை. சின்ன வேன் ஏறிவிடும், ஆனால் ஒப்பந்தப்படி அது மீறல். பிளஃப், பிளாண்டிங் வழியாகச் சுற்றி 95-ஆம் சாலையைப் பிடியுங்கள், முழுக்கத் தார். மானுமென்ட் வேலிக்குள் இருக்கும் 17 மைல் சுற்றுப்பாதையும், வேலி ஆஃப் தி காட்ஸின் 17 மைல் பாதையும் மண்தான். காட்டன்வுட் கேன்யன் சாலை களிமண். மழை பெய்தால் டயரின் பள்ளமெல்லாம் அப்பிக்கொண்டு வண்டி பனிக்கட்டியில் போவதுபோல வழுக்கும். அங்கிருந்து இழுத்து வரும் செலவு முழுக்க உங்கள் தலையில்தான்.

அடிப்பக்கச் சேதம், கூரைச் சேதம், டயர், முன்கண்ணாடி: வாடகை நிறுவனம் விற்கும் பாதுகாப்புத் திட்டங்கள் பலவற்றில் இவற்றுக்கு இடமில்லை. இங்கே அதிகம் அடிபடுவதும் இவைதான். கிரெடிட் கார்டு தரும் வாடகைக் கார் காப்பீட்டிலும் பெரும்பாலும் கேம்பர் வண்டிகளை விலக்கியிருப்பார்கள். கார்டு நிறுவனத்தை அழைத்து ‘கேம்பர் வேன்’ என்ற சொல்லைச் சொல்லிக் கேளுங்கள், கார் என்று கேட்டால் ஆம் என்றுதான் பதில் வரும். விபத்தில் எதிராளிக்கு நாம் தர வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பீட்டையும் பாருங்கள். நெவாடாவின் சட்டக் குறைந்தபட்சம் ஒருவர் காயத்துக்கு 25,000, ஒரு விபத்துக்கு 50,000, பொருள் சேதத்துக்கு 20,000 டாலர். அமெரிக்க மருத்துவமனைக் கட்டணத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. கூடுதல் காப்பீட்டை அவசியம் எடுங்கள்.

டயரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும். 3517 என்றால் 2017-இன் 35-ஆவது வாரம். வெளிப்பக்கம் முழு எண் இல்லையென்றால் உட்பக்கம் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும். ஆறு வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். காற்றழுத்தம் டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். காலையில் டயர் ஆறியிருக்கும்போது அளவெடுங்கள். மதியச் சூட்டில் அழுத்தம் ஏறியிருப்பதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள், இறக்கினால்தான் வெடிக்கும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள். ஐ-70-இல் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவில் 100 மைலுக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது.

கேஸ் அடுப்பு, கார்பன் மோனாக்ஸைடு அலாரத்தின் காலாவதித் தேதி, தண்ணீர் பம்ப், ஆனிங் (வண்டியின் பக்கவாட்டில் விரியும் நிழல் பந்தல்) ஆகியவற்றை ஒரு தடவை இயக்கிப் பாருங்கள். மொத்தத்துக்கும் முக்கால் மணி நேரம் போதும். வீடியோ மட்டும் எடுக்க மறக்காதீர்கள், நாங்கள் கோட்டைவிட்டது அதில்தான். சுற்றிலும் எடுத்தோம். போனை வண்டிக்கு அடியில் நீட்டி முன்னிருந்து பின்வரை எடுக்கவில்லை. ஏணி கேட்டு வாங்கிக் கூரையையும் எடுங்கள்.

பணம் பிடித்தால் கிரெடிட் கார்டு வங்கியிடம் எழுத்தில் முறையிடலாம், டெபிட் கார்டில் இந்தப் பலம் கிடையாது. அமெரிக்காவின் ஃபேர் கிரெடிட் பில்லிங் சட்டப்படி அந்தத் தொகை வந்த பில் அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். பணம் கட்டும் முகவரிக்கு அனுப்பாதீர்கள், பில் தகராறுகளுக்கென்று தனி முகவரி இருக்கும். வங்கி 30 நாளுக்குள் பதில் தந்து, அதிகபட்சம் 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். கருகிய ஃபியூஸ், பேட்டரியின் தேதிச் சீட்டு, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், ஒப்பந்த வரி, கேம்ப்கிரவுண்ட் ரசீது எல்லாவற்றையும் இணைத்தோம். பேட்டரிக்கான 220-உம் மண் சாலைக்கான 500-உம் திரும்ப வந்தன. அடிப்பக்கத்துக்கான 420 வரவில்லை. நிறுவனம் அனுப்பிய படத்திலேயே அந்தக் கீறலுக்குள் துரு ஏறியிருப்பது தெரிகிறது. யூட்டாவின் வறண்ட காற்றில் ஒன்பது நாளில் அப்படித் துருப்பிடிக்காது. ஆனால் வண்டி எடுத்த அன்றே கீறல் இருந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம் இல்லை.